ரவைச் சாரல்

ஜூன் 3, செவ்வாய்

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு ஆனை மலையில் சறுக்கவில்லை, குளியலறையில் சறுக்கியது. முப்பது வருஷமாகக் குற்றாலத்து மலைப்பாதையில் ஏறி இறங்கிய என் வீட்டுக்காரர், பாசி பிடித்த பாறையில் வெறுங்காலோடு நடந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் என் துணி சோப்பின் மேல் காலை வைத்தார். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றக் கூடாதாம்.

மாத்திரை வேளையைக் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டர். அதற்காக இந்த டைரியை எடுத்தேன். இவர் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற வங்கி வருஷாவருஷம் ஒன்று இனாமாகக் கொடுக்கும். காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று எழுதிய பிறகும் பக்கம் நிறைய மிச்சமிருக்கிறது. வீட்டில் பேச ஆளும் இல்லை. அவர் இருக்கிறார்தான், ஆனால் விழுந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அதனால் காகிதத்தோடு பேசுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

நசீமா மாதுளம்பழத்தோடு பார்க்க வந்தாள். எங்கள் பக்கத்துச் சமுதாய வானொலியில் நிகழ்ச்சிகளைக் கவனிக்கிற பெண், கடையநல்லூர்க்காரி. சனிக்கிழமை காலையில் கால்மணி நேரம் 'மலை வாசல்' என்று இவருடைய நிகழ்ச்சி வருகிறது. ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவார். அருவி, காற்று, குருவி, குரங்கு என்று கிடைத்த சத்தத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து, நடுநடுவே கதை சொல்வார். மலை ஏற முடியாதவர்கள், கட்டிலில் கிடப்பவர்கள், கடையை விட்டு நகர முடியாதவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், மறுநாள் கல்யாணம் என்பதுபோல இருப்பார்.

நசீமா சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தாள். இந்த வாரம் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாமாம். அடுத்த வாரத்திலிருந்து புதிது வேண்டும். சீசன் தொடங்கி, சாரல் விழுகிற நேரத்தில் 'மலை வாசல்' இல்லையென்றால் அந்தக் கால்மணி நேரத்தை ராசிபலன் சொல்கிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நிலையத்துக் குழுவில் பேச்சாம். ஜூலை நடுவில் கூடி முடிவு செய்கிறார்களாம். சொல்லும்போது அவளுக்கே முகம் செத்துவிட்டது. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 6, வெள்ளி

தோசை அப்படியே இருக்கிறது. காப்பி ஆடை கட்டிவிட்டது. பொறுக்க முடியாமல், நான் போய்ப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். ஆனால் தோசை இறங்கியது.

ஜூன் 9, திங்கள்

நான் சங்கரன்கோவில் பக்கம், கரிசல் மண்ணில் பிறந்தவள். எங்கள் ஊரில் மழை என்றால் அடித்துப் பெய்யும், விட்டுவிடும், மறுநாள் வெயில் காயும். இலஞ்சிக்கு வாக்கப்பட்ட பிறகுதான் மூன்று மாதம் துணி காயாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. ஈரம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் மலைப்பக்கம் போகிறதில்லை. ஊரெல்லாம் குற்றாலம் பார்க்க வருகிறது, நான் அருவியைப் பார்த்தே பல வருஷமாகிறது.

சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பதிவாகும், மறுபடி அமுக்கினால் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தார். குளத்தங்கரைக்குப் போனேன். நல்ல காலம், போனதுமே சாரல் வந்தது. வெயிலும் இருந்தது, காற்றும் இருந்தது, நடுவே பூந்தூறலாகச் சாரல். ரெக்கார்டர் நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மைக்கை மட்டும் வெளியே நீட்டிப் பொறுமையாக நின்றேன். சேலை ஒட்டிக்கொண்டது. செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் சாரலைக் காணோம். ஒரு ஆடு கத்துகிறது, செருப்பு சளக் சளக் என்கிறது, மற்றபடி முழுக்க என் புலம்பல்தான். "இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டு சேத்த மிதிக்கணும்னு என் தலையில எழுதிருக்கு" என்று தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

மிஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம். சாரலுக்குச் சத்தமே கிடையாதாம். அவருக்கே இத்தனை வருஷத்தில் அகப்படவில்லையாம். ஒவ்வொரு சீசனுக்கும் அருவிச் சத்தத்தைப் போட்டுத்தான் ஒப்பேற்றியிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானாவது ஐந்தருவி வரைக்கும் ஆட்டோவில் போயிருப்பேன்.

ஜூன் 11, புதன்

மத்தியானம் உப்புமாவுக்கு ரவை சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடையிலிருந்து கீழே கிடந்த வாழையிலையில் விழுந்தது. உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது: "ஏளா, வெளிய சாரலா? சத்தம் கேக்கே."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு நடந்ததை யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலின் மேல் நுனி வாழையிலை, அதற்குப் பக்கத்தில் மைக், நான் கட்டிலோரம் நின்று ரவை சலிக்கிறேன். "மெதுவா, மெதுவா, காத்து கொண்டுவாற மாதிரி" என்று அவர் கையை ஆட்டுகிறார். ஒரு தடவை நான் தும்மி, ரவை அவர் மீசையில் அப்பிக்கொண்டது. விழுந்ததற்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தார். கட்டில் ஆட ஆடச் சிரித்தார்.

அவரே குரல் கொடுத்து, கதை சொல்லி, மெமரி கார்டை நசீமாவுக்கு அனுப்பிவிட்டோம். மெத்தையெல்லாம் ரவை.

ஜூன் 14, சனி

ஒலிபரப்பானது. எங்களுக்கே சாரல் மாதிரிதான் இருந்தது.

ஆனால் கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்களே, எங்கள் புளுகு ஒரு வேளை சாப்பாட்டுக்குக்கூடத் தாங்கவில்லை. மேலகரம் டீக்கடைக்காரர் முதலில் கூப்பிட்டார். சாரலுக்கு ஏது சத்தம், அது வேறு என்னவோ என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்புறம் செங்கோட்டையிலிருந்து ஒருவர், பண்பொழியிலிருந்து ஒருவர். இந்த ஊர்க்காரர்களை அருவியை வைத்து ஏமாற்றலாம், சாரலை வைத்து ஏமாற்ற முடியாது போலிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதிலேயே ஊறினவர்கள்.

ஜூன் 15, ஞாயிறு

வல்லத்திலிருந்து ஒரு அம்மா ஃபோன் செய்து, அது வறுத்த ரவையா, வறுக்காத ரவையா என்று கேட்டார்.

ஜூன் 16, திங்கள்

நசீமா வந்தாள். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். குழுவில் உள்ளவர்கள், இதைவிட ராசிபலன் நிஜம் என்று கேலி பேசுகிறார்களாம். வரும் சனிக்கிழமை மன்னிப்புக் கேட்டாக வேண்டும். பேசப்போவது சார்தானே என்றாள்.

இவர் மாட்டேன் என்றுவிட்டார். மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டு இல்லை. ஒரு குருவி எந்த மரத்தில் கத்தியது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் அந்த ஒலிப்பதிவையே அழித்துவிடுகிற ஆள் இவர். ரவையைச் சாரல் என்று சொன்ன வாயால் இனி மலையைப் பற்றிப் பேசமாட்டாராம். ராசிபலனே போடட்டும் என்றார். மறுபடி சுவர்ப்பக்கம்.

சலித்தது நான். சல்லடையைக் கண்ணில் படாமல் பரணில் தூக்கிப் போட்டேன்.

ஜூன் 18, புதன்

மன்னிப்பை நானே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அடுக்களையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானை அமுக்கி, நான் இன்னார் என்று ஆரம்பித்தேன். பாதியில் "இருங்க, சாரல் வந்துட்டு, மாடியில துணி கெடக்கு" என்று எழுந்துவிட்டேன்.

துணியை அள்ளிக்கொண்டு இறங்கினால், இவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"ஜன்னல் சாத்திக் கெடக்கு. அடுக்களையில இருந்த. சாரல் வந்தது ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"ஃபேன் நின்னுட்டுல்லா."

நம் வீட்டு ஃபேன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார். நம் வீட்டு ஃபேன் இல்லை, தெருவில் உள்ள ஃபேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாரல் காற்று வந்ததும் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் மதினி ஃபேனை அணைப்பாள், அப்புறம் எதிர்வீடு, அப்புறம் தெருக்கோடி வீடு. அந்த 'ங்ங்' என்கிற சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கிக்கொண்டே வரும். தெருவே மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். இது தெரியாதா என்றேன். தெரியாதாம். சாரல் விழுந்த நேரத்தில் அவர் என்றைக்கு வீட்டில் இருந்தார்?

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாரல் நாளில் தீக்குச்சி பற்றாது, 'சரக் சரக்' என்று உரசிக்கொண்டே இருக்க வேண்டும். வாசல் கதவு உப்பிக்கொண்டு 'கிறீச்' என்று கத்தும். டவுன் பஸ்ஸில் ஷட்டரை வரிசையாக இறக்குவார்கள், பின் ஸீட்டிலிருந்து டிரைவர் வரைக்கும் தடதடவென்று போகும். அப்பளத்தைப் பொரித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் நமுத்துவிடும், கடித்தால் சத்தமே வராது. சொல்லிக்கொண்டே போனேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு இன்று இரண்டு வேளை மாத்திரையும் கொடுத்தாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

நேற்றும் இன்றும் அலைச்சல். பஸ் ஸ்டாண்டில் ஷட்டர் இறங்கும் சத்தத்துக்காகத் தென்காசி பஸ்ஸில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். கண்டக்டர் என்ன சந்தேகப்பட்டாரோ, சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். மேலகரம் டீக்கடைக்காரரிடம், ரவை சலித்தவள் நான்தான் என்று சொல்லி, அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டேன். குச்சி ஒன்றும் பற்றவில்லை. அவர் குச்சியைத் திட்டியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பிச்சம்மாள் மதினி தன் ஃபேன் ரேடியோவில் வருவதற்காக அதைத் துடைத்து வைத்தாள்.

ஜூன் 21, சனி

காலையில் ரேடியோவில் என் குரல். எனக்கே யாரோ மாதிரி இருந்தது.

"வணக்கம். நான் குற்றாலிங்கத்தோட சம்சாரம், உலகம்மா. போன வாரம் நீங்க கேட்டது சாரல் இல்ல, ரவை. வறுக்காத ரவை. சலிச்சது நான்தான், அவுக மேல தப்பு சொல்லாதீங்க. சாரலுக்குச் சத்தம் கெடையாது, ஒங்களுக்கே தெரியும். ஆனா சாரல் வந்தா நம்ம ஊர் என்ன சத்தம் போடும்னு கொஞ்சம் கேட்டுப் பாருங்க."

அப்புறம் ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. கதவு கத்தியது. ஷட்டர் ஓடியது. கடைசியில் அவர் கடித்த நமுத்த அப்பளம், சத்தமே இல்லாமல்.

ஃபோன் விடவே இல்லை. படுக்கையில் கிடக்கிற மகளுக்கு ரேடியோ போட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஒருவர், இன்று மகள் கேட்டுவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள் என்றார். வல்லத்து அம்மா, "வறுக்காத ரவைதான்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார். எல்லாம் இவரால் வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஜூன் 28, சனி

இந்த வாரம் தண்ணீர் விழுகிற இடத்தைப் பற்றி. தகரம், தென்னங்கீற்று, பிளாஸ்டிக் வாளி, மதினியின் மாமனார் வழுக்கைத் தலை. மூணு நாள் தூற்றலில் அலைந்தேன். ஒரு இடத்தில் நின்று மேகம் மலையை மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், பொத்தானை அமுக்க மறந்துவிட்டது. ஈரத்தில் நிற்பது உடம்புக்கு ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சளிகூடப் பிடிக்கவில்லை.

மத்தியானம் ஃபோன் அடித்தது. இவர்தான் எடுத்தார். "ரவை அம்மா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடம் நீட்டினார். நான் பேசி முடித்துத் திரும்பியபோது சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார்.

நிகழ்ச்சியில் ஒரு பறவைகூட இல்லையே என்று சாயங்காலம் சொன்னார். சொல்லிவிட்டுக் கால் வலிக்கிறது என்றார். அடுத்த தடவை டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

நசீமாவுக்கு ஃபோன் செய்து, கட்டுப் பிரித்ததும் நிகழ்ச்சியைச் சாரே பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அடுக்களை வேலை கிடக்கிறது, ஈரமும் ஒத்துக்கொள்ளாது.  அவள், "ராசிபலன்காரர் தெனமும் வந்து நிக்காரும்மா, பாத்துச் செய்யுங்க" என்றாள்.

ஜூலை 5, சனி

தவளைச் சத்தம் மட்டும் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. அது இவருடைய பாணி, இவருக்குப் பிடிக்கும் என்றுதான் செய்தேன். ஃபோன் ஒன்றே ஒன்று வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

இவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்லாருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் என் சமையலைக்கூட அப்படிச் சொன்னதில்லை.

ஜூலை 12, சனி

மறுபடியும் தவளை. இது வேறு தவளை.

ஜூலை 14, திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. கால் வெளுத்து, சூம்பி, பார்க்கப் பாவமாக இருந்தது. கைத்தடியோடு வாசல் வரைக்கும் நடந்து காட்டினார். கால்வலியைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அப்படி வலிக்க வேண்டிய காரணமே இல்லையே என்றார் டாக்டர். இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

குழு கூடிவிட்டது. சீசன் முடியும் வரைக்கும் 'மலை வாசல்' தொடரலாமாம். தவளையைப் பார்த்துக் கொடுக்கவில்லை, ஃபேனைப் பார்த்துக் கொடுத்தார்களாம். ராசிபலனுக்கு வேறு நேரம் தந்துவிட்டார்கள். நசீமா ஃபோனிலேயே மூச்சு விடாமல் சொன்னாள். கடைசியில், நாளைக்கு அறிவிப்பில் யார் பேரைச் சொல்வது என்று கேட்டாள்.

சார் பேர்தான் என்று நான் சொல்வதற்குள் இவர் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா. வழங்குபவர்கள், உலகம்மாள், குற்றாலிங்கம்."

என் பேர் எதற்கு, அதுவும் முதலில் எதற்கு என்று கேட்டேன். முகத்தை வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த மாதிரி வைத்துக்கொண்டு, அகர வரிசைப்படி உ முன்னால், கு பின்னால் என்றார். நசீமா அந்தப் பக்கம் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஃபோனை வைத்த பிறகு, எதற்கு இரண்டு வாரம் நிகழ்ச்சியில் பேசவில்லை என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். கொஞ்ச நேரம் கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல ஒன்னய மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். வழி பூரா பேசிக்கிட்டே வந்த. வாய மூடிட்டு வா, குருவி பறந்துரும்னேன். அடுத்த தடவ கூப்பிட்டதுக்கு, ஈரம் ஒத்துக்காதுன்னுட்ட. நானும் நெசம்னு நெனச்சுட்டேன்."

ஈரம்தான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். பால் பொங்கி வழிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பையும் துடைத்தேன். அழுகை இல்லை, சந்தோஷம்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே தண்ணீரைத்தான் ஆண்டவன் வைத்திருக்கிறான்.

நாளை நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்த வாரத்துக்காகப் போகிறோம். மலை அடிவாரம் வரைக்கும் ஆட்டோ, அதற்குமேல் அவர் கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. கைத்தடியை அவர் பிடித்துக்கொள்வார், ரெக்கார்டரை நான். குருவி பறந்தால் பறக்கட்டும், வழி முழுக்கப் பேசிக்கொண்டே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பேச வேண்டும், எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.